அப்பாவின் மரணம் நியாயத்தீர்ப்பா? எங்கள் ஜெபம் ஏன் கேட்கப்படவில்லை?

திருவொற்றியூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். சிறுநீரகம் செயலிழந்த அப்பாவுக்காகக் குடும்பமாக உபவாசமிருந்து ஜெபித்திருக்கிறார்கள். டயாலிசிஸும் நடந்திருக்கிறது. சில மாதங்களுக்கு முன்பு அப்பா இறந்துவிட்டார். அப்புறம் வீட்டுக் கூட்டத்துக்கு வருகிற ஊழியக்காரர் ஒருவர், இது கடைசி காலம், நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டில் துவங்கிவிட்டது, உங்கள் வீட்டில் அறிக்கையிடாத பாவம் இருப்பதால்தான் ஜெபம் கேட்கப்படவில்லை, இப்படியே இருந்தால் இயேசுவின் இரண்டாம் வருகையில் கைவிடப்படுவீர்கள் என்று சொல்லியிருக்கிறார். அம்மா அன்றிலிருந்து ஜெபிப்பதில்லையாம். எல்லாம் முன்கூட்டியே குறித்தாயிற்று என்றால் ஜெபம் எதற்கு, ஜெபம் கேட்கப்படும் என்றால் அப்பாவுக்கு ஏன் கேட்கப்படவில்லை என்று சகோதரி கேட்கிறார்.

சகோதரி, நீங்கள் இரண்டு கேள்வியாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இருக்கிற கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பா தண்டிக்கப்பட்டாரா, அதற்கு நாங்கள் காரணமா என்பதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. ஒருவர் நோயில் இறந்ததை வைத்து அவர்மீதோ அவர் வீட்டார்மீதோ தேவன் தீர்ப்பு எழுதிவிட்டார் என்று சொல்ல எந்த ஊழியக்காரருக்கும் வேதத்தில் அதிகாரம் இல்லை. நான் இறையியல் படித்தவன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள சபைகளில் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்டான்லி மருத்துவமனை வார்டுகளில் ஜெபித்த பலர் பிழைத்ததையும் பலர் இறந்ததையும் பார்த்திருக்கிறேன். கீழே சொல்வதில் எது உறுதி, எது சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உள்ளது, எது யாருக்கும் தெரியாதது என்று பிரித்தே சொல்கிறேன்.

அவர் எடுத்துக்காட்டிய வசனம் 1 பேதுரு 4:17. அதற்கு முந்தைய வசனத்தைப் படித்துப் பாருங்கள். கிறிஸ்தவன் என்ற பெயருக்காகப் பாடுபடுகிறவர்களைப் பற்றி அங்கே பேச்சு. பேதுரு அந்த வரியை எழுதியது விசுவாசத்துக்காக அடிபட்ட மக்களுக்கு. நோயாளி படுத்திருந்த வீட்டைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது இல்லை. நோயைப் பற்றி நேராகக் கேட்ட இடம் யோவான் 9. பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இரண்டுமே இல்லை என்கிறார் இயேசு. லூக்கா 13இல் சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்த செய்தி வருகிறது. அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். செத்தவர்களைப் பற்றிய விசாரணையை அவர் அங்கேயே மூடிவிட்டார்.

பாவம் ஜெபத்துக்குத் தடையாகும் என்று வேதம் சொல்லவே இல்லையா என்றால், சொல்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் யாரைப் பார்த்துச் சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். ஏசாயா 1இல், நீங்கள் மிகுதியாக ஜெபம்பண்ணினாலும் கேட்கமாட்டேன் என்று தேவன் சொல்வது, கையில் இரத்தக்கறையோடு காணிக்கை கொண்டுவருகிற பெரிய மனிதர்களிடம். அடுத்த வரிகளிலேயே ஒடுக்கப்பட்டவனை ஆதரியுங்கள், விதவைக்காக வழக்காடுங்கள் என்று வருகிறது. 1 பேதுரு 3:7இல் மனைவிக்கு மரியாதை கொடுக்காத புருஷனின் ஜெபம் தடைபடும் என்று இருக்கிறது. நம் பக்கம் எத்தனை பிரசங்கத்தில் இந்த வசனத்தைக் கேட்டிருக்கிறீர்கள்? 1 கொரிந்தியர் 11:30இல் பவுல் ஒரு சபையின் நோய்களை அவர்களுடைய தவறோடு சேர்த்துப் பேசுவதும் உண்மை. அங்கேயும், பந்தியில் ஏழைகளைப் பட்டினி போட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் சாப்பிட்டவர்களைத்தான் கண்டிக்கிறார். வேதம் தடை என்று சொல்கிற பாவங்கள் பெரும்பாலும் பலவீனர்களுக்கு எதிராகச் செய்தவை. துக்க வீட்டில் நுழைந்து, ஒளிந்திருக்கிற பாவத்தைத் தேடிப்பிடி என்று ஒரு விதவையை விரட்டுவதற்கு இந்த வசனங்களில் ஒன்றுகூட இடம் கொடுப்பதில்லை.

விசுவாசம் குறைந்ததால்தான் ஜெபம் கேட்கப்படவில்லை என்று இன்னொருவர் வந்து சொல்லக்கூடும். அதற்கு அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றுபோடுகிறான். அது ஒரே ஒரு வசனம். அடுத்து பேதுருவைப் பிடித்துச் சிறையில் வைக்கிறான். சபை ஊக்கத்தோடு ஜெபிக்கிறது. தூதன் வந்து விலாவில் தட்டி எழுப்புகிறான், சங்கிலி கழன்று விழுகிறது, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. பேதுரு நேராக ஜெபக்கூட்டம் நடக்கிற வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற பெண் குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிப்போய்ச் சொல்கிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? நீ பிதற்றுகிறாய் என்கிறார்கள். அவருடைய தூதனாயிருக்கும் என்கிறார்கள். விடுதலைக்காக ஜெபித்தவர்களே விடுதலையை நம்பவில்லை, ஆனாலும் பேதுரு வாசலில் நிற்கிறார். யாக்கோபும் அதே சபையைச் சேர்ந்தவர், இயேசுவோடு மலைமேல் ஏறிய மூவரில் ஒருவர். அவருடைய அம்மாவும் இயேசுவைப் பின்பற்றியவர்தான். அவர் வீட்டில் ஜெபம் குறைந்ததா? லூக்கா ஒரு காரணமும் எழுதவில்லை. வேதம் காரணம் சொல்லாத இடத்தில் நாம் காரணம் சொல்லக் கூடாது. ராயபுரத்தில் படகுக்காரர்கள் எழுப்பிய பேதுருவின் கோயிலில் இந்த அதிகாரத்தின் பின்பாதியைத்தான் பெருமையாகச் சொல்வோம். யாக்கோபின் அந்த ஒரு வசனத்தையும் சேர்த்து வாசித்தால்தான் துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அது ஆகும்.

இதே ரகத்தில் இன்னும் உண்டு. பவுலின் உறுமால்களையும் கச்சைகளையும் கொண்டுபோய்ப் போட்டாலே நோய் நீங்கியது என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அதே பவுல் 2 தீமோத்தேயு 4:20இல், துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார். ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற பதில் வந்தது, முள் போகவில்லை. யாக்கோபு நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் மூப்பர் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்கிற வாக்குத்தத்தம் மெய்யானது. நானும் அதை நம்பித்தான் எண்ணெய் பூசியிருக்கிறேன். டாக்டர்கள் கைவிட்டவர் நடந்து வீட்டுக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். அதை ஜெபத்தின் பதில் என்றே நம்புகிறேன், ஆனால் நிரூபிக்க என்னால் முடியாது. 2006இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. இருதய பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1802 பேரை மூன்றாகப் பிரித்து, இரண்டு பிரிவுக்கு மட்டும் அறிமுகமில்லாதவர்களை ஜெபிக்க வைத்தார்கள். தனக்கு ஜெபிக்கிறார்களா இல்லையா என்று தெரியாத இரண்டு பிரிவிலும் சிக்கல் வந்தவர்கள் 52, 51 சதவீதம், அதாவது வித்தியாசமில்லை. தனக்கு ஜெபிக்கிறார்கள் என்று தெரிந்த பிரிவில் 59 சதவீதம். விசுவாசிகள் இந்த ஆய்வை மறைக்க வேண்டியதில்லை. மகள் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து கேட்பதும், முன்பின் தெரியாதவர் ஒரு பெயரைப் பட்டியலில் பார்த்து வேண்டுவதும் ஒன்று என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஜெபித்தால் இத்தனை சதவீதம் குணம் என்று மேடையில் பேசுகிறவர்கள் நிச்சயம் தவறு செய்கிறார்கள்.

சரி, நியாயத்தீர்ப்புக்கு வருகிறேன். உங்களைப் பயமுறுத்திய சொல் அதுதான். நைசேயா விசுவாசப் பிரமாணத்தைச் சொல்கிற எல்லாச் சபைகளும், கத்தோலிக்கரும் லுத்தரன்களும் தென்னிந்தியத் திருச்சபையான சிஎஸ்ஐயும், உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்கக் கிறிஸ்து மறுபடியும் வருவார் என்று அறிக்கையிடுகிறோம். பெந்தெகொஸ்தே சபைகளின் நம்பிக்கையும் இதுதான். இதில் சந்தேகம் இல்லை. அந்த நாள் யாருக்கும் தெரியாது என்பதிலும் சந்தேகம் இல்லை. மாற்கு 13:32 தூதருக்கும் தெரியாது, குமாரனுக்கும் தெரியாது என்கிறது. விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுகிற இரகசிய வருகை உண்டா, அது கடைசிக்கால உபத்திரவத்துக்கு முன்பா பின்பா, கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சி பூமியில் நடக்குமா என்பதில்தான் சபைகள் பிரிந்து நிற்கின்றன. பழங்காலச் சபையின் இறையியலாளர் அகஸ்தீன் அந்த ஆயிரம் வருடத்தைச் சபையின் காலம் என்று விளக்கினார், கத்தோலிக்கரும் லுத்தரன்களும் பெரும்பாலும் அந்த வழியில்தான் வருகிறார்கள். சபை முதலில் எடுத்துக்கொள்ளப்படும், பிறகு ஏழு வருட உபத்திரவம் என்கிற வரிசை 1830களில் ஜான் நெல்சன் டார்பி என்ற பிரசங்கியார் பரப்பியது, 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் வழியாக உலகமெல்லாம் போனது. நம் ஊர் வீட்டுக் கூட்டங்களில் சுவரில் தொங்குகிற கால அட்டவணைத் துணி அந்த வழியில் வந்ததுதான். அதை நம்புகிற நல்ல விசுவாசிகள் ஏராளம். ஆனால் நம்பாதவர் கைவிடப்படுவார் என்று சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்.

உங்களிடம் வருகையைப் பற்றிப் பேசியவர் அநேகமாக 1 தெசலோனிக்கேயர் 4ஐத்தான் வாசித்திருப்பார். பவுல் அதை யாருக்கு எழுதினார்? வீட்டில் சாவு விழுந்த மக்களுக்கு. எங்கள் ஆட்கள் இயேசு வருவதற்கு முன்பே இறந்துவிட்டார்களே, அவர்கள் விடுபட்டுப்போவார்களா என்ற கவலை தெசலோனிக்கேயாவில் இருந்தது. பவுல் சொன்ன பதில், கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்கள் என்பது. உயிரோடிருக்கிற நாம் அவர்களுக்குப் பிறகுதான். அந்தப் பகுதி முடிகிற வரி, ‘இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள்.’ துக்கத்தில் இருந்தவர்களைத் தேற்ற எழுதியதை எடுத்துத் துக்கத்தில் இருக்கிற உங்களை மிரட்டியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது, அதை ஒளிக்க விரும்பவில்லை.

இந்த மிரட்டல் நம் பக்கம் புதிதல்ல. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சுனாமி வந்தது. அடுத்த சில நாட்களில் காசிமேட்டுப் பக்கம் ஜனங்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், நெருப்புப் படம் போட்ட துண்டுப்பிரசுரத்தை யாரோ கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணன் மகனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆயர் ஐயா, இதில் என்ன போட்டிருக்கு, வாசிங்க என்று நீட்டினார். முதல் பத்தியிலேயே, இது தேவகோபம் என்று இருந்தது. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து லூக்கா 13ஐச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அப்படின்னா பையன் மேல சாமிக்குக் கோபம் இல்லையே? இல்லைம்மா என்றேன். கொரோனா வந்தபோதும் இதே பேச்சுத்தான், தடுப்பூசிதான் வெளிப்படுத்தின விசேஷம் சொல்கிற மிருகத்தின் எண் 666 என்று. அதற்கு முன்பு ஆதார் அட்டை. 1844 அக்டோபர் 22 அன்று இயேசு வருவார் என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் காத்திருந்து ஏமாந்தார்கள். தேதி குறித்தவர்கள் இதுவரை ஒருவர்கூடச் சரியாகச் சொன்னதில்லை.

நியாயத்தீர்ப்பு என்றதும் நமக்கு நெருப்பு மட்டுமே ஞாபகம் வருகிறது. வேதத்தில் அதற்காக ஏங்கிக் காத்திருந்தவர்கள் அநியாயம் இழைக்கப்பட்ட ஜனங்கள். சங்கீதம் 98இல் கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்றதும் ஆறுகள் கைகொட்டுகின்றன. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் எண்ணெய் பரவியதே, அப்போது வலையும் படகும் கறுத்துப்போய் நின்றவர்களிடம் இந்தச் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். அவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது. லூக்கா 18இல் நியாயாதிபதியின் வாசலை விடாமல் தட்டுகிற விதவை கேட்பதும் ஒன்றுதான், எனக்கு நியாயம் செய்யும். ஜெபத்தில் சோர்ந்துபோகக் கூடாது என்பதற்காக இயேசு சொன்ன உவமை அது. முடிவில் மனுஷகுமாரன் வரும் நாளைப் பற்றிப் பேசுகிறார். ஜெபமும் கடைசி நாளும் ஒரே உவமைக்குள் இருக்கின்றன. வெளிப்படுத்தின விசேஷம் 6இல் கொல்லப்பட்டவர்கள் பலிபீடத்தின் கீழிருந்து, எதுவரைக்கும் ஆண்டவரே என்று கூப்பிடுகிறார்கள். 8ஆம் அதிகாரத்தில் பரிசுத்தவான்களின் ஜெபங்கள் தூபவர்க்கத்தோடு தேவனுக்கு முன் எழும்புகின்றன, அதன் பிறகுதான் எக்காளங்கள் முழங்குகின்றன. நியாயத்தீர்ப்பை ஜெபம் கேட்கப்படாததன் அடையாளமாக உங்கள் ஊழியக்காரர் காட்டினார். வெளிப்படுத்தின விசேஷம் அதை ஜெபத்துக்கு வந்த பதிலாகக் காட்டுகிறது.

எல்லாம் குறித்தாயிற்று என்றால் ஜெபம் எதற்கு என்று கேட்டீர்கள். குறித்ததாகச் சொன்ன தேவனே மாற்றிய இடங்கள் வேதத்தில் உண்டு. நினிவே இன்னும் 40 நாளில் கவிழ்க்கப்படும் என்று யோனா அறிவித்தார், கவிழவில்லை. எசேக்கியா பிழைக்கமாட்டார் என்று ஏசாயா சொல்லிவிட்டுப் போனார், ராஜா சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தார், 15 வருடம் கூட்டிக் கிடைத்தது. தாவீதும் தன் குழந்தைக்காகத் தரையில் கிடந்து ஜெபித்தார், குழந்தை இறந்துவிட்டது. தேவனுடைய திட்டமும் நம் வேண்டுதலும் எப்படிச் சேர்கின்றன என்பதற்கு 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் என்ற இறையியலாளர் ஒரு பதில் சொன்னார். தேவன் எதைக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்தாரோ, அதை ஜெபத்தின் வழியாகக் கொடுக்கவும் அவரே தீர்மானித்திருக்கிறார், ஆகவே ஜெபமும் திட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்றார். எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல பதில் இல்லை. ஆனாலும் எசேக்கியாவுக்கு ஏன், தாவீதின் குழந்தைக்கு ஏன் இல்லை என்பதை அதுவும் எல்லாருக்கும் போதும்படி விளக்குவதில்லை. உங்கள் அப்பாவுக்கு ஏன் என்று கேட்டால், எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

ஒரு வசனத்தை மட்டும் உங்களுக்கென்று எடுத்து வைத்திருந்தேன். எபிரெயர் 5:7. இயேசு தம்மை மரணத்திலிருந்து இரட்சிக்க வல்லவரை நோக்கிப் பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம் பண்ணினார், அது கேட்கப்பட்டது என்று அங்கே இருக்கிறது. கெத்செமனே தோட்டத்தில் அவர் நீக்கக் கேட்ட துன்பத்தின் பாத்திரம் நீங்கவில்லை, மறுநாள் சிலுவையில் செத்தார், ஆனாலும் கேட்கப்பட்டது என்கிறது நிருபம். எப்படி என்றால், மூன்றாம் நாளில். ஜெபத்தின் பதிலுக்கு அப்பாவின் மரணத்தைக் கடைசித் தேதியாக வைத்து நாம் கணக்குப் பார்க்கிறோம். கிறிஸ்தவ விசுவாசம் அந்தத் தேதியை உயிர்த்தெழுதலின் நாளில் வைத்திருக்கிறது. அப்பா சுகமாக வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள், பெத்தானியாவில் லாசருவின் சகோதரிகளும் அதையேதான் கேட்டார்கள். லாசரு எழுந்தார், ஆனால் பிறகு எப்போதோ மறுபடியும் இறந்திருப்பார். எந்தச் சுகமும் இந்தப் பக்கத்தில் நிரந்தரமில்லை. உங்கள் விண்ணப்பம் தள்ளுபடியாகவில்லை என்றும், அதற்கு முழுப் பதில் அந்த நாளில் இருக்கிறது என்றும் நான் நம்புகிறேன். இது நம்பிக்கை. இதை வைத்து இன்றைய அழுகையை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

அம்மா ஜெபிக்காமல் இருப்பதைப் பாவம் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். கட்டாயப்படுத்தி முழங்கால்படியிட வைக்கவும் வேண்டாம். என்றைக்காவது கேட்கிற நிலையில் இருந்தால் சங்கீதம் 88ஐ மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். நம்பிக்கை வார்த்தை ஒன்றும் இல்லாமல், இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. அப்படியும் ஜெபிக்கலாம் என்று வேதமே இடம் கொடுத்திருக்கிறது. அவர் தூங்காமல் சாப்பிடாமல் இருப்பது தொடர்ந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது. பவுலே தீமோத்தேயுவின் வயிற்றுக்கு மருந்துபோலக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னவர்தான். அந்த ஊழியக்காரரோடு வாக்குவாதம் வேண்டாம். வருஷ நினைவு வரைக்கும் வீட்டில் கூட்டம் வேண்டாம் என்று தன்மையாகச் சொல்லிவிடலாம், உங்கள் சபையின் ஆயரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சாபம் முறிக்க என்று அவர் கேட்டிருக்கிற சிறப்புக் காணிக்கையை மட்டும் கொடுக்காதீர்கள். அப்பாவின் சிகிச்சைக்கு நகையை அடகு வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தைக் கொண்டுபோய் அம்மாவின் நகையை மீட்டுக்கொடுங்கள்.